கொல்லைக் குளத்துக்குக் கரை அமைப்பது எப்படி: ராமநாதபுரம் கடற்கரை மண்ணுக்கான முழுமையான வழிகாட்டி

என் முதல் குளம் ஆறடிக்கு நாலடி. சுற்றிலும் செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசி, மேல் விளிம்பைக் கரண்டியால் வழித்து மழமழவென்று ஆக்கியிருந்தேன். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதம் ஒரு காலையில் அணில் ஒன்று செத்து மிதந்தது. கையில் எடுத்த பிறகுதான் சுவரைப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்தை ஒட்டி உட்புறம் படிந்திருந்த பச்சைப் பாசியில், நாலு பக்கமும் சின்னச் சின்ன நகக் கீறல்கள். இரவு முழுக்கச் சுற்றிச் சுற்றி நீந்தி, ஏற ஓர் இடம் கிடைக்காமல் போயிருக்கிறது. அன்றைக்கே அந்தக் குளத்தை இடித்துவிட்டேன்.

கொல்லையில் குளம் வெட்ட நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஆழத்தைத்தான். எத்தனை அடி, எத்தனை லிட்டர், எத்தனை மீன் என்று. தவளை, தட்டான், தேனீ, குருவி இவை வருமா, வந்தால் உயிரோடு திரும்புமா என்பதெல்லாம் கரையைப் பொறுத்தது. ஆழம் இரண்டாம் பட்சம்தான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்கக் கரையைப் பற்றியே பேசுகிறேன். நான் இருப்பது உச்சிப்புளிப் பக்கத்து மணல் காடு. மண்டபம், பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம் வரை மண் கொஞ்சம் கொஞ்சம் மாறினாலும் வெயிலும் காற்றும் உப்பும் ஒன்றுதான்.

கண்மாயிடம் கற்றுக்கொள்ள வேண்டியது

இணையத்தில் குளக்கரை பற்றி வரும் குறிப்புகளில் பெரும்பாலானவை மழை வருஷம் முழுக்கப் பெய்கிற குளிர் நாடுகளுக்கானவை. அங்கே தண்ணீர் மட்டம் பெரிதாக மாறாது. அதனால் கரையை ஒரு கோடாக வைத்து அழகுபடுத்தச் சொல்கிறார்கள். நமக்கு ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதமெல்லாம் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதற்கு ஏற்ற வடிவம் நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. கண்மாய்க்கு, அதாவது பாசன ஏரிக்கு, ஒரு பக்கம்தான் கரை. அதில் பனை நிற்கும், தண்ணீர் திறந்துவிடும் மடையும், மிகுந்த தண்ணீர் வழிந்து போகும் கலுங்கும் இருக்கும். எதிர்ப்பக்கம் கரை என்று எதுவுமே கிடையாது. உள்வாய் நிலம் மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் போகும். மார்கழியில் தண்ணீர் எட்டிய இடம் ஒன்று, பங்குனியில் நிற்கும் இடம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே தண்ணீரைப் பின்தொடர்ந்து ஒரு பச்சைப் பட்டை நகர்ந்துகொண்டே போகும். சக்கரக்கோட்டைக் கண்மாயிலோ தேர்த்தங்கல் கண்மாயிலோ தை மாதம் போய் நின்று பாருங்கள், உள்ளானும் கொக்கும் நாரையும் அந்தப் பட்டையில்தான் மேயும். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-லும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-லும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் அறிவிக்கப்பட்டன. ஊருணி இதற்கு நேர் எதிர்: மனிதர் குடிக்க வெட்டியது, நாலு பக்கமும் செங்குத்து, இறங்கப் படிக்கட்டு. நான் முதலில் கட்டியது ஒரு சின்ன ஊருணி. கட்டியிருக்க வேண்டியது ஒரு சின்னக் கண்மாய்.

ஆக, ஒரு பக்கம் நீளமான சரிவு, எதிர்ப்பக்கம் கொஞ்சம் செங்குத்தான கரை. மற்றதெல்லாம் இதிலிருந்து வரும்.

சரிவு எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நல்ல கோடையில் திறந்த தண்ணீர் நாளுக்கு 6, 7 மில்லிமீட்டர் ஆவியாகும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சாண். ஐந்தடி நீளத்துக்கு ஓரடி இறக்கம் என்று சரிவு வைத்தால், ஒரு சாண் தண்ணீர் குறையும்போது நீர் விளிம்பு ஏறக்குறைய நாலடி பின்வாங்கும். செங்குத்துச் சுவரில் அந்த ஒரு சாண், காய்ந்துபோன பாசிக்கறையாகத் தெரியும். சரிவில் அதுவே நாலடி அகல ஈர நிலமாகக் கிடைக்கும். ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு கோடு ஈர மணல் வெளிப்படும், அதில் தேனீ வந்து உட்காரும்.

இடமும் அளவும் காலமும்

என் இரண்டாவது குளம் பதினாலு அடிக்குப் பத்தடி, ஆழமான இடத்தில் இரண்டரை அடி. இதைவிடச் சிறிதாகவும் செய்யலாம், ஆனால் நீளம் பத்தடிக்குக் கீழே போனால் சரிவுக்கு இடம் இருக்காது.

சரிவுப் பக்கத்தைக் கிழக்கிலோ வடகிழக்கிலோ வையுங்கள். காலை வெயில் அதில் விழும். மேற்கும் தென்மேற்கும் செங்குத்துப் பக்கம். வைகாசியிலிருந்து ஆவணி வரை அடிக்கும் கச்சான் காற்று அந்தத் திசையிலிருந்துதான் மணலை வாரிக்கொண்டு வரும். அங்கே வெட்டிவேர் வரிசை ஒன்று வைத்தால் மணல் அதிலேயே தங்கிவிடும், பிற்பகலில் கொஞ்சம் நிழலும் கிடைக்கும். வேம்பு, புளிய மரத்தடியில் வெட்ட வேண்டாம். மாசி பங்குனியில் வேம்பு உதிர்க்கும் இலை மொத்தமும் சரிவில் வந்து படியும்.

தோண்டுவது ஆடி, ஆவணியில். மண் காய்ந்திருக்கும், வேலை சுத்தமாக நடக்கும். புரட்டாசிக்குள், தண்ணீர் கசியாமல் இருக்கக் குழியில் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு மண் மூடிவிட்டால் ஐப்பசி மழை தானாக நிரப்பும். செடியும் அந்த மழையில் பிடித்துக்கொள்ளும்.

ஷீட் வேண்டாம், ஊற்று மாதிரி தோண்டிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மணலில் ஆறேழு அடியில் நல்ல தண்ணீர் ஊறும் ஊர்களில் இந்த ஆசை வருவது இயல்புதான். என் அப்பத்தா ஊற்றில் சிரட்டையால் தண்ணீர் மொண்டு வளர்ந்தவர். நான் சின்னப் பையனாக ஊற்றைத் தோண்டித் தோண்டிப் பெரிதாக்கியபோது, "ஆழமா நோண்டாதப்பா, கீழ கடல் கெடக்கு" என்பார். அது அப்படியே உண்மை. கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மேலே கொஞ்சம் குறைத்தால் கீழேயிருந்து உப்பு அதைவிடப் பல மடங்கு ஏறும். தோண்டித் திறந்துவிட்ட குழி வெயிலில் ஆவியாகி அந்த நல்ல தண்ணீரைத்தான் குடிக்கும். அதனால் ஷீட் போட்டு, மழைத் தண்ணீரைப் பிடித்து நிறுத்துவதே சரி.

தோண்டுவதும் மட்டம் பார்ப்பதும்

பழைய கயிற்றைத் தரையில் போட்டு வடிவம் வரையுங்கள். அவரை விதை மாதிரி, ஓரிடத்தில் மட்டும் உள்ளே வளைந்த வடிவம் போதும். ஐந்தாறு வளைவு வைத்தால் ஷீட் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, அந்த மடிப்புகளை மூட முடியாமல் தவிப்பீர்கள்.

பதினாலு அடி நீளத்தில் முதல் ஐந்தடிக்குள் ஓரடி ஆழம் மட்டும் இறங்க வேண்டும். அடுத்த மூன்றரை அடியில் இரண்டரை அடி ஆழம் வரை. இரண்டடி சமமான அடித்தளம். பிறகு மீதி மூன்றரை அடியில் மேலே ஏற வேண்டும், ஆனால் நடுவில், நீர் மட்டத்துக்கு எட்டு அங்குலம் கீழே, ஓரடி அகலத்தில் ஒரு படி விடுங்கள். கல்லும் செடியும் உட்காரும் இடம் அதுதான். படியின் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட ஒரு விரல் தாழ்ந்திருக்கட்டும். அப்போதுதான் வைத்த கல் குளத்துக்குள் சரியாது.

மட்டம் பார்ப்பதில் அவசரம் கூடவே கூடாது. எனக்கு உதவிய கொத்தனார் தண்ணீர் டியூபைப் பிடித்துக்கொண்டு அரை நாள் சுற்றினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் நிமிர்ந்து பார்த்து, "தம்பி, ஒரு பக்கம் ரெண்டு விரக்கட எறங்கிருந்தா அந்தப் பக்கம் தண்ணி வழியும், இந்தப் பக்கம் ஷீட்டு பல்லக் காட்டிக்கிட்டு நிக்கும். அப்பறம் நீங்க என்ன செடி வச்சாலும் மறையாது" என்றார். தண்ணீர் ஒருபோதும் சாய்ந்து நிற்காது, கரைதான் அதற்கு ஒத்துப்போக வேண்டும். குளத்தைச் சுற்றி மூன்றடிக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதுதான் நிறைந்த குளத்தின் நீர் மட்டம். வேலை முடியும் வரை குச்சிகளைப் பிடுங்க வேண்டாம்.

ஷீட்டும் அதன் விளிம்பும்

பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் ஷீட் போதுமானது. அளவு: குளத்தின் நீளத்தோடு ஆழத்தின் இரண்டு மடங்கு, அதோடு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி. என் குளத்துக்கு 14, 5, 4 கூட்டி 23 அடி. அகலத்துக்கு 10, 5, 4 கூட்டி 19 அடி. ஓரத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். வேலையில் மண் சரிந்து ஓரிடத்தில் அரையடி குறைந்தாலும் கரையே கெட்டுவிடும்.

விரிப்பதற்கு முன் குழியை வெறுங்கையால் தடவிப் பாருங்கள். சீமைக் கருவேல முள் ஒன்று போதும், மொத்தத் தண்ணீரும் ஒரே வாரத்தில் போய்விடும். கோரைக்கிழங்கு இருந்தால் விடாமல் பொறுக்குங்கள். அதன் முளை ஊசி மாதிரி ஷீட்டைத் துளைத்துக்கொண்டு வரும். பிறகு சலித்த மணல் இரண்டு அங்குலம், அதன் மேல் உரச் சாக்கோ பழைய பாலியஸ்டர் சேலையோ, அதன் மேல் ஷீட். வெயில் ஏறிய பிறகு விரித்தால் ஷீட் இளகி நன்றாகப் படியும்.

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் அடுத்துச் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். ஷீட்டின் ஓரத்தை எப்படி முடிக்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசிக் குளங்கள் தோற்கின்றன.

இரண்டு ஆபத்துகள். முதலாவது வெயில். மண் மூடாத ஷீட் நம் ஊரில் சீக்கிரமே நொறுங்கும். நான் பார்க்கப் போன ஒரு வீட்டுக் குளத்தில், கல்லுக்கு நடுவே தெரிந்த ஷீட் இரண்டாம் கோடையிலேயே அப்பளம் மாதிரி உடைந்தது, மண்ணுக்குள் இருந்த பகுதியோ புதிது போலவே இருந்தது. ஆகவே ஒரு விரல் அகலம்கூட வெளியே தெரியக் கூடாது. இரண்டாவது, ஈரம் கசிந்து போவது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, மணல் தண்ணீரை இழுக்கும். ஷீட்டின் மேல் போட்ட கரை மண் வெளியே இருக்கும் காய்ந்த மணலோடு தொட்டுக்கொண்டிருந்தால், இரவும் பகலும் குளத்துத் தண்ணீர் ஓசையில்லாமல் தோட்டத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஓட்டை என்று நினைத்து ஷீட்டை மாற்றியவர்கள் உண்டு.

இரண்டுக்கும் ஒரே மருந்து. ஷீட்டின் கடைசி ஓரத்தை மண்ணுக்குள் தட்டையாக முடிக்காமல், நேராக மேல்நோக்கி நிமிர்த்தி முடிக்க வேண்டும். நிமிர்ந்த ஓரம் நீர் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே வர வேண்டும். உட்பக்கம் கரை மண், வெளிப்பக்கம் தோட்டத்து மண், நடுவே இந்த ஷீட் சுவர். ஈரம் தாண்டாது. நிமிர்ந்த விளிம்பு சாயாமல் இருக்க வெளிப்பக்கம் உடைந்த நாட்டு ஓடுகளை நிறுத்தி அணை கொடுத்தேன். மேல்நுனியை ஒரு தட்டையான கல்லோ படரும் செடியோ மறைத்துவிடும்.

செங்குத்துப் பக்கத்தில் இந்த நிமிர்த்தல் படிக்குப் பின்னாலேயே வரும். சரிவுப் பக்கத்தில் அப்படிச் செய்யாதீர்கள். அங்கே ஷீட்டை நீர் விளிம்பைத் தாண்டி இன்னும் இரண்டடி, நிலத்துக்கு நாலு அங்குலம் கீழே மண்ணுக்குள் கொண்டுபோய், அங்கே நிமிர்த்துங்கள். குளத்துக்கு வெளியே இரண்டடி அகலத்துக்குச் சதசதவென்று இருக்கும் நிலம் கிடைக்கும். கண்மாய் உள்வாயின் பச்சைப் பட்டை உருவாவது இந்த இரண்டடியில்தான்.

குளம் நிறைந்த பிறகு சோதிக்க ஒரு வழி: மழையில்லாத நாளில் விடியற்காலையில் வெளிப்பக்கத்து மணலைச் சுற்றிப் பாருங்கள். எங்காவது ஓரிடத்தில் மட்டும் மணல் கறுத்து ஈரமாக இருந்தால், அங்கே விளிம்பு சாய்ந்திருக்கிறது. கையால் மண்ணை விலக்கி நிமிர்த்திவிட்டால் போதும்.

கரைக்குப் போடும் மண்

தோட்டத்து மேல்மண்ணையோ எரு கலந்த மண்ணையோ போடக் கூடாது. சத்து தண்ணீரில் கரைந்து பாசி நூல் நூலாகப் பிடிக்கும். கடற்கரை மணலும் வேண்டாம், உப்பும் கிளிஞ்சலும் அதில் இருக்கும், அள்ளுவதும் தவறு.

வெறும் மணல் சரிவில் நிற்காது, வழுக்கிக் கீழே போய்விடும். வெறும் கரம்பை, அதாவது கண்மாயில் படியும் களிமண் வண்டல், ஈரத்தில் நன்றாக நிற்கும், ஆனால் தண்ணீர் இறங்கிக் காயும்போது பாளம் பாளமாக வெடிக்கும். குழியிலிருந்து எடுத்த அடிமண் இரண்டு கூடைக்குக் கரம்பை ஒரு கூடை என்ற கலவை எனக்குச் சரியாக வந்தது. கண்மாய் வண்டல் எடுக்க அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்ததைக் கொஞ்சம் நனைத்து வெயிலில் காய வைத்துப் பாருங்கள். மேலே வெள்ளையாகப் பூத்தால் உப்பு மண், அதைத் தொடாதீர்கள்.

சரிவில் மூன்று நாலு அங்குலக் கனத்துக்கு இதைப் போட வேண்டும். போடுவதற்கு முன், சரிவு முடிந்து ஆழம் தொடங்கும் இடத்தில் மணல் நிரப்பிய சின்ன மூட்டைகளைக் குறுக்கே வரிசையாக வையுங்கள், வரப்பு மாதிரி. மேலே போடும் மண் அதில் தட்டி நிற்கும். முதல் மழையில் மண் அடித்துப் போகாமல் இருக்கத் தென்னை நார்ப் பாய் விரிக்கலாம். புது நாரில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறப் போட்டு அலசிவிட்டு விரியுங்கள். செடி வேர் பிடிக்கும் வரைக்கும் அது தாங்கும், பிறகு மக்கிப் போகும்.

கல்லும் கட்டையும்

முதலில் வேண்டாததைச் சொல்லிவிடுகிறேன். முருகைக் கல், பவளப்பாறைத் துண்டு எதையும் குளக்கரைக்கு எடுக்காதீர்கள், யாராவது மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் அள்ளி அள்ளி ஏற்கெனவே நிறைய இழந்துவிட்டோம். ஒரு கொல்லைக் குளத்தில் நாலு தவளைக்கு இடம் கொடுக்க, கடலுக்குள் ஆயிரம் உயிர்களின் வீட்டைப் பெயர்ப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்புறாங்கல் கிடைத்தால் நல்லது. சொரசொரப்பாக இருப்பதால் பாசியும் பூச்சியும் பிடித்துக்கொள்ளும். உடைந்த செங்கல், நாட்டு ஓடு, இடித்த வீட்டின் கருங்கல்லும் போதும். கல்லை மாலை மாதிரி ஒரே அளவில் வரிசையாகக் கோக்காதீர்கள், செயற்கை என்பது அங்கேதான் முதலில் கண்ணில் படும். பெரிய கல் மூன்று சேர்ந்தாற்போல, பிறகு இரண்டடி வெறும் மண், பிறகு கைப்பிடிக் கற்கள் சிதறினாற்போல. ஒவ்வொரு பெரிய கல்லும் பாதியாவது தண்ணீருக்குள் இருக்க வேண்டும். தண்ணீருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் கல் கொண்டுவந்து வைத்தது போலவே தெரியும், தண்ணீர் நடுவே வெட்டிச் செல்லும் கல்தான் அங்கேயே கிடந்தது போலத் தெரியும். கற்களுக்கு அடியில் விரல் நுழையும் இடுக்குகள் விடுங்கள். தேரை பகலெல்லாம் அதற்குள் உட்கார்ந்திருக்கும்.

நம் ஊருக்கே உரிய ஒரு பொருள் பனங்கட்டை. காற்றில் விழுந்த பனை இருந்தால் மூன்றடித் துண்டு ஒன்றை வாங்கி, ஒரு முனை ஆழத்திலும் மறு முனை கரையிலும் இருக்குமாறு செங்குத்துப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். விழுந்த அணிலும் ஓணானும் ஏறி வருவதற்கு அதுவே ஏணி. நிற்கும் பனையை இதற்காக வெட்டக் கூடாது. வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம் இருக்க, அந்தப் பனை ஓலையில்தான் பனை உழவாரன் கூடு வைக்கிறது. அந்தக் குருவி எங்கும் இறங்காது. பறந்தபடியே தண்ணீரைக் கொத்திக் குடித்துவிட்டுப் போகும். அதற்கு நேராகப் பறந்து வர வழி வேண்டும். என் குளத்தில் தெற்கு வடக்காக ஒரு பாதையில் உயரமான செடி எதையும் வைக்கவில்லை. சித்திரை மாலைகளில் ஐந்தரை மணிக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, அலகால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவதைப் பார்க்கவே நான் திண்ணையை விட்டு எழுவதில்லை.

வரத்துக்காலும் கலுங்கும்

கூரைத் தண்ணீரை ஒரு சின்ன வாய்க்கால் வழியாகச் சரிவுப் பக்கத்தில் விடுங்கள். குழாயிலிருந்து நேராகக் கொட்டினால் கரை அறுத்துக்கொண்டு போகும். முழங்கை நீளத்துக்குக் கூழாங்கல் பரப்பி, அதன் மேல் தண்ணீர் தவழ்ந்து வரும்படி செய்ய வேண்டும்.

கலுங்கு இல்லாத கண்மாய் உடையும். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படி ஒரு மழையில் கூரைத் தண்ணீரும் சேர்ந்தால் எந்தக் கரையும் நிற்காது. நிமிர்ந்த ஷீட் விளிம்பை ஓரிடத்தில் மட்டும் ஒன்றரையடி அகலத்துக்கு ஓரங்குலம் தாழ்த்தி, கல் பரப்பி, அங்கிருந்து வழியும் தண்ணீர் வீட்டு அஸ்திவாரத்துக்கு எதிர்த்திசையில் ஒரு குழிக்குப் போகும்படி விடுங்கள். நான் அந்தக் குழியில் வாழை வைத்திருக்கிறேன்.

போர்த் தண்ணீரால் குளத்தை நிரப்பாதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கும். இரண்டு கோடைக்குள் குளம் உப்பளத்தின் பாத்தி மாதிரி ஆகிவிடும். காவிரிக் குடிநீருக்கு நம் தெருவில் குடங்கள் வரிசையில் நிற்கும்போது அதைக் குளத்தில் விட எனக்கு மனம் வந்ததில்லை. கோடையில் தண்ணீர் இறங்குவதை இறங்கட்டும் என்று விடுவதுதான் நம் ஊர் முறை. ஆழத்தில் ஓரடி மிஞ்சினால் பறவைக்குப் போதும். அதற்கும் கீழே போனால் மட்டும், தொட்டியில் சேர்த்த மழைத் தண்ணீரை மாலையில் கொஞ்சம் விடுவேன்.

செடிகள்: ஈரத்திலிருந்து காய்ந்த மணல் வரை

சதசதப்பான இரண்டடிக்கு என் முதல் தேர்வு நீர்பிரமி. உப்பையும் தாங்கும், வெள்ளத்தையும் தாங்கும், தரையோடு படர்ந்து தண்ணீருக்குள்ளும் இறங்கி மிதக்கும். ஷீட்டின் விளிம்பை அது மூடும் அளவுக்கு எந்தக் கல்லும் மூடாது. ஒரு முழத் துண்டுகளாகக் கிள்ளி, படுக்க வைத்து மேலே கொஞ்சம் மண் தூவினால் பிடித்துக்கொள்ளும். கூடவே பொடுதலை. அதன் சின்னப் பூவுக்குப் பட்டாம்பூச்சிகள் விடாமல் வரும். ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி மூன்றும் அங்கேயே வரும், கறிக்கும் ஆகும்.

நீர் விளிம்பில் நின்று வளர்வதற்குக் கோரை, களையாக வரும் கோரைக்கிழங்கு அல்ல, பாய் பின்னும் உயரமான வகை. ஒரே இடத்தில் கொத்தாக வையுங்கள், சுற்றி வேலி மாதிரி வேண்டாம். நீர்முள்ளி ஒன்றிரண்டு. அதன் ஊதாப் பூவும் முள்ளும் கண்மாய்க் கரையை அப்படியே கொண்டுவந்துவிடும். ஆழத்தில் அல்லி ஒன்றே ஒன்று, மண்சட்டியில் வைத்து இறக்குங்கள். வெளிப்பக்கம் காய்ந்த மணலில் அருகு, அடப்பங்கொடி. கடலுக்கு மிக அருகில் உப்பு ஏறிய மண்ணாக இருந்தால் அங்கே உமரி தானாகவே முளைக்கும், அதைக் களை என்று பிடுங்க வேண்டாம்.

சம்பு வைக்காதீர்கள், இரண்டு வருஷத்தில் குளமே இருக்காது. வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் பக்கத்திலேயே வரக் கூடாது. செடியைப் பறவைகள் சரணாலயத்துக் கண்மாயிலிருந்து எடுக்கக் கூடாது. ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானைப் பக்கத்து வயல் வரப்பிலும் வாய்க்காலிலும் இவை களையாகவே கிடக்கும், கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். கொண்டுவந்ததும் வாளியில் நன்றாக அலசுங்கள்.

கரையில் மூன்றில் ஒரு பங்கு வெறும் மணலாகவே இருக்கட்டும். இதைச் சொன்னால் பலருக்கும் மனம் ஒப்பாது. ஆனால் தேனீ ஆழத் தண்ணீரில் குடிக்காது, ஈர மணலில் உட்கார்ந்துதான் உறிஞ்சும். ஆள்காட்டிக்கும் கவுதாரிக்கும் வெட்டவெளி இருந்தால்தான் இறங்கத் தைரியம் வரும்.

கொசுவும் குழந்தைகளும்

அக்கம்பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி கொசு. கேட்பதும் நியாயம்தான். கொசுப் புழு பெருகுவது பெரும்பாலும் கரையில் தனியாகத் தேங்கும் தண்ணீரில்: கல்லின் குழியில், மாட்டுக் குளம்படியில், மட்டையின் மடிப்பில். குளத்தோடு சேராத அந்தச் சின்னத் தேக்கங்களுக்குத் தட்டான் புழுவும் மீனும் போக முடியாது. ஆகவே கல் வைக்கும்போது குழிவான பக்கத்தைக் கீழே கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் இறங்கும்போது சரிவில் பள்ளம் ஏதும் தனியாகப் பிரிந்து நின்றால் காலால் மிதித்து மட்டமாக்குங்கள். வாய்க்கால்களில் மேற்பரப்பை ஒட்டியே நீந்தும், தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னும் விரல் நீள மீன் உண்டு. அதில் ஏழெட்டு விட்டால் புழு மிஞ்சாது. கடையில் விற்கும் வெளிநாட்டு மீன் வேண்டாம், மழையில் கலுங்கு தாண்டிக் கண்மாய்க்குப் போய்விடும்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் சரிவு நல்ல பாதுகாப்பு. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. இரண்டரை அடி ஆழம் ஒரு குழந்தைக்கு ஆழம்தான். பனைமட்டை வேலி மூன்றடி உயரத்துக்குக் கட்டி, கதவுக்குத் தாழ் போடுங்கள். வேலியின் அடியில் நாலு விரல் இடைவெளி விட்டால் தவளையும் கீரியும் போய்வரும்.

வருஷத்து வேலை

ஆடியில் ஷீட் விளிம்பைச் சுற்றி ஒரு தடவை விரலால் தடவி, மண் விலகிய இடத்தை மூடுங்கள். கச்சான் கொண்டுவந்து போட்ட மணலைக் கூடையில் அள்ளி வெறும் கரைப் பக்கம் போட்டுவிடலாம். தவளையோ தேரையோ பிடித்துவந்து விட வேண்டாம். ஐப்பசியின் முதல் பெருமழை இரவில் அவையே வந்து சேரும், தெரு முழுக்கக் கேட்கும்.

கோரையை வருஷத்துக்கு ஒரு முறை, பாதியை மட்டும் வெட்டுங்கள், மறு பாதி அடுத்த வருஷத்துக்கு. வெட்டும் முன் ஒவ்வொரு தண்டையும் அடியிலிருந்து பாருங்கள். தட்டானின் புழு தண்ணீரில் வளர்ந்து முடிந்ததும் இரவில் கோரைத் தண்டு வழியாக ஏறும். ஒரு சாண் உயரத்தில் நின்று, முதுகைப் பிளந்துகொண்டு, சிறகு காயும் வரை அந்தத் தண்டையே பிடித்துக்கொண்டு தொங்கும். நான் மார்கழியில் ஒரு விடியலில் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரே தண்டில் மூன்று இருந்தன. இரண்டு வெறும் கூடு, பழுப்பாக, காகிதம் மாதிரி. மூன்றாவதில் சிறகு இன்னும் கசங்கிய ஈரத் துணி போல இருந்தது. அப்படிப்பட்ட தண்டு கண்ணில் பட்டால் அரிவாளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு, இன்னும் இரண்டு வாரம் கழித்து வெட்டுங்கள்.